சென்னைக்கு அதிவேக ரயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2026-27ஆம் ஆண்டுக்கான மத்திய பட்ஜெட்டில் ஏழு அதிவேக ரயில் வழித்தடங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் சென்னை–பெங்களூரு, ஹைதராபாத்–சென்னை ஆகிய இரண்டும் நம் நகரத்தைத் தொடுபவை. வரவேற்பும் அச்சமும் சேர்ந்தே எழுந்திருக்கும் இந்நேரத்தில், சென்னைவாசிகளும் சுற்றுவட்டாரத்து விவசாயிகளும் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, தெரிந்த உண்மைகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். கருத்து என் சொந்தக் கருத்தாக இருக்கும் இடங்களில் அதை அப்படியே சொல்லியிருக்கிறேன்.

எந்த ரயிலை அதிவேக ரயில் என்கிறார்கள்? வந்தே பாரத் அதில் சேராதா?

சர்வதேச ரயில்வே ஒன்றியம் வகுத்த அளவுகோலின்படி, புதிதாகப் போடப்பட்ட பாதையில் மணிக்கு 250 கி.மீ. அல்லது அதற்கு மேலும், மேம்படுத்தப்பட்ட பழைய பாதையில் 200 கி.மீ. அளவிலும் ஓடுவதே அதிவேக ரயில். வந்தே பாரத் 180 கி.மீ. வேகத்துக்கு வடிவமைக்கப்பட்டது, சேவையில் அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் 160 கி.மீ. அந்த வேகத்தையும் நாட்டின் மிகச் சில பாதைகளே தாங்கும். சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை செல்லும் தடத்தில் உச்சவரம்பு 130 கி.மீ.தான். வந்தே பாரத் நல்ல ரயில், நம் பெரம்பூரில் உருவான ரயில். ஆனாலும் அது அதிவேக ரயில் ஆகாது.

இருக்கிற பாதையைச் சீர்செய்து அதிலேயே ஓட்டக் கூடாதா?

ஓரளவுக்கு முடியும், அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் 160 கி.மீ.யைத் தாண்டியபின் பழைய பாதை ஒவ்வொரு இடத்திலும் தடுக்கும்.

முதல் தடை வளைவு. 1964இல் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே 515 கி.மீ. நீளத்துக்குத் திறக்கப்பட்ட உலகின் முதல் அதிவேகப் பாதையில், மணிக்கு 210 கி.மீ. வேகத்துக்காக, வளைவுகளின் ஆரம் பொதுவாக 2,500 மீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். 350 கி.மீ. வேகத்துக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தேவைப்படுகிறது. நம் பழைய பாதைகளோ நீராவி இன்ஜின் காலத்தில், மேட்டையும் பள்ளத்தையும் சுற்றிச் சுற்றிப் போடப்பட்டவை. கடல் மட்டத்தில் இருக்கும் சென்னையிலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருக்கு ஏறும் பகுதியில் வளைவும் ஏற்றமும் சேர்ந்தே வருகின்றன.

இரண்டாவது தடை கலப்புப் போக்குவரத்து. சென்ட்ரல்–அரக்கோணம் தடத்தில் புறநகர் மின்சார ரயில், விரைவு ரயில், சரக்கு ரயில் எல்லாமே ஓடுகின்றன. மெதுவாகச் செல்லும் சரக்கு ரயிலும் மிக வேகமாகச் செல்லும் பயணிகள் ரயிலும் ஒரே தண்டவாளத்தைப் பகிர்ந்துகொண்டால், வேகமான ஒன்றுக்கு வழிவிடுவதற்காக மெதுவான பலவற்றை ஓரங்கட்ட வேண்டியிருக்கும். ஆகவே ஒரு பாதையில் வேகத்தை மட்டும் கூட்டினால், அந்தப் பாதை சுமக்கக்கூடிய ரயில்களின் எண்ணிக்கை குறையும். தினமும் ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் போய்வருகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்: அதிவேக ரயிலுக்குத் தனிப் பாதை என்பது அவர்களுக்கும் நல்லது.

இந்தியா ஏன் இந்த ரயிலுக்கு வேறு அகலத்தில் தண்டவாளம் போடுகிறது?

நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். மும்பை–அகமதாபாத் அதிவேகப் பாதை, உலகின் பெரும்பாலான அதிவேக ரயில்களைப் போல, 1,435 மில்லிமீட்டர் அகலத்தில் போடப்படுகிறது. ஏற்கெனவே நிரூபிக்கப்பட்ட ரயில்களையும் சிக்னல் முறையையும் அப்படியே வாங்க முடியும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம்.

ஸ்பெயினும் இதே நிலையில்தான் இருந்தது. அதன் பழைய பாதை 1,668 மில்லிமீட்டர். நமக்கும் அவர்களுக்கும் எட்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். 1992இல் மாட்ரிட்–செவில்லே பாதையை 1,435இல் திறந்த அந்நாடு, சக்கரங்களின் இடைவெளியை ஓடும்போதே மாற்றிக்கொள்ளும் ரயில்களைப் பயன்படுத்தி இரு பாதைகளையும் இணைத்துக்கொண்டது. பிரான்ஸுக்கு அந்தச் சிரமமே இல்லை. 1981இல் பாரிஸ்–லியோன் பாதையைத் திறந்தபோது பழைய பாதையும் புதிய பாதையும் ஒரே அகலம் என்பதால், ரயில் ஊருக்கு வெளியே அதிவேகத்தில் ஓடிவிட்டு, நகரத்துக்குள் பழைய தண்டவாளத்திலேயே நுழைந்து பழைய நிலையத்தில் நின்றது. நகரத்துக்குள் ஒரு வீட்டையும் இடிக்காமல் கிடைத்த வசதி அது.

நமக்கு அந்த வசதி கிடைக்காது. அகலம் வேறு என்பதால் அதிவேக ரயில் பழைய தண்டவாளத்தில் ஏறிச் சென்ட்ரலுக்குள் வர முடியாது. எனவே புதிய பாதை எந்த இடத்தில் முடிகிறதோ அங்கேதான் பயணியும் இறங்க வேண்டும். சென்னைக்கு இதைவிட முக்கியமான செய்தி இந்தத் திட்டத்தில் வேறில்லை என்பது என் கருத்து.

அப்படியானால் சென்னை நிலையம் எங்கே அமைய வேண்டும்?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டிய கேள்வி இதுதான்.

பயணி பார்ப்பது ரயிலின் உச்ச வேகத்தையல்ல. வீட்டுக் கதவைச் சாத்தியதிலிருந்து சேரவேண்டிய இடத்தின் வாசலில் நிற்கும்வரை ஆகும் மொத்த நேரத்தை. பெங்களூருக்கு வானூர்தி ஒரு மணி நேரம்தான் பறக்கிறது. ஆனால் மீனம்பாக்கம் போய்ச் சேர, சோதனைக்கு நிற்க, தேவனஹள்ளியில் இறங்கி நகரத்துக்குள் வர என்று கூட்டினால் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. சென்ட்ரலில் ஏறும் வந்தே பாரத் ஏறத்தாழ நாலரை மணி நேரத்தில் பெங்களூருவைத் தொட்டுவிடுகிறது. ஏறக்குறைய 300 கி.மீ. தூரத்தை நிறுத்தங்களோடு சராசரி 200 கி.மீ. வேகத்தில் கடக்கும் ஓர் அதிவேக ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் போதும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமாகும் மூன்று மணி நேரமே இத்தனை கோடி ரூபாய்க்கு நாம் வாங்கும் பொருள். நிலையத்தைச் சென்னைக்கு வெளியே 30 கி.மீ. தள்ளி வைத்து, பெங்களூரிலும் அப்படியே செய்தால், அந்த மூன்று மணி நேரத்தில் பாதியைப் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் நெரிசலே தின்றுவிடும்.

வெளிநாடுகளில் இது நடந்திருக்கிறது. பிரான்ஸில் அமியான், சான் காந்தான் ஆகிய இரு ஊர்களுக்கும் பொதுவாக என்று 1994இல் வயல்வெளியில் ஒரு நிலையம் கட்டினார்கள். இரண்டு ஊர்களுக்கும் அது பயன்படவில்லை என்ற குறை இன்றுவரை தீரவில்லை. தைவானில் 2007இல் திறக்கப்பட்ட பாதையில் தாய்னான், ஜியாயி முதலான ஊர்களின் நிலையங்கள் நகர மையத்திலிருந்து தள்ளி இருப்பதால் இணைப்பு ரயிலோ பேருந்தோ பிடித்தே ஊருக்குள் போக வேண்டியிருக்கிறது. புறநகரில் நிலம் மலிவு, எதிர்ப்பு குறைவு, சுற்றிலும் புது நகரம் வளரும் என்று ஒவ்வொரு நாட்டிலும் ஒரே காரணங்களைத்தான் சொல்கிறார்கள். நம் ஊரில் இவற்றோடு பரந்தூர் விமான நிலையத்தை இணைக்கலாம் என்ற வாதமும் வரக்கூடும். விமான நிலையத்தில் ஒரு நிறுத்தம் இருப்பதில் தவறில்லை. ஆனால் அதுவே சென்னையின் நிலையமாகிவிடக் கூடாது.

சென்ட்ரலின் வலிமை அதைச் சுற்றியிருக்கும் இணைப்புகளில் இருக்கிறது. மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து அரக்கோணம், கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்கள். சாலையைக் கடந்தால் பார்க் நிலையத்தில் தாம்பரம், செங்கல்பட்டு ரயில்கள். பார்க் டவுனில் வேளச்சேரி பறக்கும் ரயில். தரைக்குக் கீழே மெட்ரோவின் இரு தடங்கள். நகரத்தின் எந்த மூலையிலிருந்தும் கார் இல்லாமல் வந்து சேரக்கூடிய இடம் சென்னையில் இது ஒன்றே. இங்கே நிலத்தடி நிலையம் கட்டுவது பெரும் செலவு பிடிக்கும் வேலை என்பது உண்மை. ஆனால் மும்பையில் பாந்த்ரா–குர்லா வளாகத்தில் நிலத்தடி நிலையமும், அங்கிருந்து ஷில்பாட்டா வரை 21 கி.மீ. சுரங்கமும், அதில் 7 கி.மீ. தாணே கழிமுகத்தின் அடியிலுமாக அமைக்க தேசிய அதிவேக ரயில் நிறுவனமும் மத்திய அரசும் முடிவெடுத்தன. மும்பைக்குச் செய்வதைச் சென்னைக்குக் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

சென்ட்ரலில் இடமே இல்லை என்று பொறியாளர்கள் உறுதியாகச் சொன்னால், அடுத்துப் பார்க்க வேண்டியது பெரம்பூர்–வில்லிவாக்கம் பகுதி. அங்கே ரயில்வேயின் சொந்த நிலம் இருக்கிறது, மின்சார ரயில் இருக்கிறது, மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிப்காட் தடம் பெரம்பூர் வழியாக வருகிறது.

எவ்வளவு செலவாகும்? யார் பணம்?

508 கி.மீ. நீளமுள்ள மும்பை–அகமதாபாத் திட்டத்துக்கு அரசு முதலில் அறிவித்த மதிப்பீடு 1,08,000 கோடி ரூபாய். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 212 கோடி. அந்தப் பழைய கணக்கையே வைத்துப் பார்த்தாலும், நெடுங்காலமாகப் பேசப்பட்டுவரும் 435 கி.மீ. சென்னை–பெங்களூரு–மைசூரு தடத்துக்கு 92,000 கோடியைத் தாண்டும். இன்றைய விலைவாசியில் அதற்கும் மேல்.

அங்கே செலவில் 81 விழுக்காட்டை ஜப்பான் கடனாகத் தர ஒப்புக்கொண்டது. வட்டி ஆண்டுக்கு 0.1 விழுக்காடு, திருப்பிச் செலுத்த 50 ஆண்டுகள், முதல் 15 ஆண்டுகளுக்கு அசல் கட்ட வேண்டாம். கேட்பதற்குச் சும்மா கிடைத்த பணம் போலத் தோன்றும். ஆனால் கடன் யென்னில் இருப்பதால், அரை நூற்றாண்டில் ரூபாய்க்கும் யென்னுக்கும் இடையிலான மாற்று விகிதம் எப்படிப் போகும் என்ற சுமை நம்முடையது. தேசிய அதிவேக ரயில் நிறுவனத்தின் பங்கு முதலீட்டில் மத்திய அரசு 10,000 கோடியும், குஜராத்தும் மகாராஷ்டிரமும் தலா 5,000 கோடியும் ஏற்றுக்கொண்டன. சென்னைத் தடத்திலும் இதே முறை பின்பற்றப்பட்டால் தமிழ்நாடும் பங்குபோட வேண்டிவரும். பணம் போடுகிற மாநிலத்துக்கு நிலையம் எங்கே அமைய வேண்டும் என்பதில் குரல் இருக்க வேண்டும்.

மதிப்பீடு தாண்டிப் போவது நமக்கு மட்டும் உரிய நோயில்லை. ஜப்பானின் முதல் பாதையே மதிப்பீட்டைப் போல ஏறக்குறைய இரு மடங்கு ஆனது. அதற்குப் பொறுப்பேற்று ஜப்பான் தேசிய ரயில்வேயின் தலைவர் ஷிஞ்சி சோகோ, ரயில் ஓடத் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டான 1963இல் பதவி விலகினார். அந்தப் பாதைக்காக ஜப்பான் உலக வங்கியிடம் 8 கோடி டாலர் கடன் வாங்கியிருந்தது என்பதையும் சேர்த்து நினைக்கலாம். அன்று கடன் வாங்கிக் கட்டிய நாடு இன்று நமக்குக் கடன் தருகிறது.

நம்மைப் போன்ற பிற நாடுகளுக்கு என்ன அனுபவம்?

மூன்று நாடுகளைப் பார்த்தால் போதும்.

சீனா 2008இல் பெய்ஜிங்–தியான்ஜின் பாதையைத் திறந்து, 2024 இறுதிக்குள் 48,000 கி.மீ. அதிவேகப் பாதையை எட்டியது. ஒரே மாதிரியான தூண், ஒரே மாதிரியான உத்தரம், ஒரே மாதிரியான நிலையம் என்று வடிவமைப்பை நிலைப்படுத்தித் தொடர்ந்து கட்டியதே அங்கே செலவு குறைந்ததற்கு முக்கியக் காரணம். ஒரு பாதையைக் கட்டிவிட்டுப் பத்து ஆண்டு சும்மா இருந்தால் அந்தத் திறமை கலைந்துபோகும்.

மொராக்கோ 2018இல் தான்ஜியரிலிருந்து கெனித்ரா வரை மட்டும் புதிய பாதை போட்டு, அங்கிருந்து காசாபிளாங்கா வரை பழைய பாதையிலேயே அதே ரயிலை ஓட்டியது. நான்கே முக்கால் மணி நேரப் பயணம் இரண்டு மணி பத்து நிமிடமாகக் குறைந்தது. கையில் இருக்கும் பணத்துக்கு எது அதிகப் பயன் தருமோ அதை மட்டும் கட்டிய விவேகம் அது.

இந்தோனேசியாவின் ஜகார்த்தா–பாண்டுங் பாதை 142 கி.மீ.; 2019இல் முடியும் என்று சொல்லி 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது. அரசுப் பணம் தேவைப்படாது என்ற உறுதிமொழியோடு தொடங்கிய திட்டத்துக்கு, செலவு 700 கோடி டாலரைத் தாண்டியபின், அரசு கருவூலத்தைத் திறக்க வேண்டியதாயிற்று. ரயில் அருமையாக ஓடுகிறது. ஆனால் பாண்டுங் நகர மையத்துக்குப் போக, படாலராங்கில் இறங்கி இணைப்பு ரயில் ஏற வேண்டும்.

நிலம் எவ்வளவு போகும்? இழப்பீடு எப்படி?

மும்பைத் திட்டத்தில் பெரும்பகுதி தூண்களின் மேல் செல்கிறது. பாதைக்குத் தேவைப்படும் அகலம் 17.5 மீட்டர். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 1.75 ஹெக்டேர், நம் கணக்கில் நான்கேகால் ஏக்கரைச் சற்றுத் தாண்டும். ஆறுவழிச் சாலையோடு ஒப்பிட்டால் இது குறைவு. நிலையங்கள், பணிமனைகள், துணை மின்நிலையங்கள் இதற்கு மேல் வரும். அந்தத் திட்டம் முழுவதற்குமாகச் சுமார் 1,390 ஹெக்டேர் தேவைப்பட்டது.

2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் கீழ், ஊர்ப்புற நிலத்துக்குச் சந்தை மதிப்பை ஒன்று முதல் இரண்டு வரையிலான காரணியால் பெருக்கி, அதே அளவு தொகையை ஆறுதல் தொகையாகவும் சேர்க்க வேண்டும். இதில் சிக்கல் 'சந்தை மதிப்பு' என்பதிலேயே தொடங்குகிறது. பத்திரப் பதிவில் காட்டப்படும் விலையும் உண்மையில் கைமாறும் விலையும் வேறுவேறாக இருக்கும் ஊர்களில், பதிவு விலையைப் பெருக்கிக் கொடுக்கும் தொகையால் பக்கத்து ஊரில் அதே அளவு நஞ்சை வாங்க முடிவதில்லை. பரந்தூர் திட்டத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் நடத்திவரும் போராட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, நிலம் விஷயத்தில் பணம் ஒரு பகுதிதான் என்பதும் தெரிந்திருக்கும். குத்தகைக்கு உழுகிறவரும் கூலி வேலை செய்கிறவரும் பட்டாவில் பெயர் இல்லாதவர்கள். அவர்களுடைய பிழைப்புக்கு என்ன ஏற்பாடு என்பதைத் திட்ட அறிக்கையிலேயே எழுதியாக வேண்டும்.

ஏரிகளும் மழைவெள்ளமும்?

காஞ்சிபுரம், திருவள்ளூர், ராணிப்பேட்டை மாவட்டங்கள் ஏரி மாவட்டங்கள். ஓர் ஏரியின் மிகைநீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும் சங்கிலி அமைப்பு அங்கே இருக்கிறது. மண் கரை எழுப்பி அதன்மேல் தண்டவாளம் போட்டால், அந்தக் கரை குறுக்கு அணையாகிவிடும். வரத்துக் கால்வாய் அடைபட்டு ஒரு பக்கம் வெள்ளமும் மறுபக்கம் வறட்சியும் வரும். தூண் பாலம் இதற்குப் பெருமளவு தீர்வு. ஆனால் தூண் எங்கே ஊன்றப்படுகிறது என்பதும், கட்டுமானத்துக்காகப் போடப்படும் தற்காலிக மண் சாலை வேலை முடிந்தபின் அகற்றப்படுகிறதா என்பதும் கண்காணிக்கப்பட வேண்டியவை. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊருக்கு இதைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

பாதுகாப்பானதா?

ஆம். ஜப்பானின் ஷிங்கன்சென்னில் 1964 முதல் இன்றுவரை மோதலாலோ தடம்புரள்வதாலோ ஒரு பயணிகூட இறந்ததில்லை. தனிப் பாதை, லெவல் கிராசிங் இல்லாமை, ஓட்டுநர் தவறினாலும் ரயிலை நிறுத்தும் சிக்னல் முறை ஆகிய மூன்றும் சேர்ந்த பலன் அது. ஆனால் தொழில்நுட்பம் தானாகக் காப்பாற்றிவிடாது: 2011 ஜூலையில் சீனாவின் வென்ஜோ அருகே சிக்னல் கருவி மின்னலால் பழுதடைந்த நிலையில் இரு ரயில்கள் மோதி 40 பேர் இறந்தார்கள்.

நம் சாதாரண ரயில்களின் நிலை வேறு. 2023 ஜூன் 2இல் சென்னை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பாலசோர் அருகே விபத்துக்குள்ளாகி 290க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2024 அக்டோபரில் கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. ரயில்கள் மோதாமல் தானாக நிறுத்தும் 'கவச்' பாதுகாப்பு முறையைப் பழைய பாதைகள் முழுவதிலும் நிறுவும் வேலை அதிவேக ரயிலுக்காக ஒரு நாளும் தள்ளிப்போகக் கூடாது.

சாமானியர்களுக்கு இதனால் என்ன பயன்? கட்டணம் கட்டுப்படியாகுமா?

முன்பதிவில்லாப் பெட்டியில் படிக்கட்டு ஓரம் உட்கார்ந்து வருகிறவருக்கு அதிவேக ரயில் நேரடியாகப் பயன்படாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடலாம். வேகம் கூடக் கூட மின்செலவும் கூடும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், 200 கி.மீ.யில் இருப்பதைப் போல இரண்டேகால் மடங்கு தடையை 300 கி.மீ.யில் எதிர்கொள்ள வேண்டும். அதற்கேற்பக் கட்டணமும் உயர்ந்தே இருக்கும்.

மறைமுகப் பயன் உண்டு, அதுவும் நாம் வற்புறுத்தினால். பெங்களூரு செல்லும் வசதியுள்ள பயணிகள் புதிய பாதைக்கு மாறும்போது பழைய பாதையில் இடம் காலியாகும். அந்த இடத்தில் கூடுதல் முன்பதிவில்லாப் பெட்டிகளோடு ரயில்கள் ஓட வேண்டும் என்று திட்ட ஒப்புதலின் நிபந்தனையாகவே எழுதிவைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மதுரை, கோவை, நெல்லைக்கு எப்போது?

அறிவிக்கப்பட்ட ஏழு தடங்களில் தமிழ்நாட்டுக்குள் ஊர்களை இணைப்பது எதுவுமில்லை. கோவை மார்க்கத்துக்கும் மதுரை மார்க்கத்துக்கும் இப்போதைக்கு வேண்டியவை கூடுதல் பாதைகளும் 160 கி.மீ. வேகமும்தான். மாநில அரசு 2025-26 பட்ஜெட்டில், டெல்லி–மீரட் தடத்தைப் போன்ற மண்டல விரைவு ரயிலைச் சென்னை–விழுப்புரம், சென்னை–வேலூர், கோவை–சேலம் மார்க்கங்களில் அமைக்க ஆய்வு செய்வதாக அறிவித்தது. தினமும் பயணிக்கும் மக்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால், அதிவேக ரயிலைவிட இதுவே தமிழ்நாட்டுக்கு அவசரமானது என்று நினைக்கிறேன்.

சென்னையில் வேலைவாய்ப்பு?

1955இல் தொடங்கிய பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை, 280 கி.மீ. வடிவமைப்பு வேகம் கொண்ட இரண்டு ரயில்களைச் செய்து தரும் ஒப்பந்தத்தை 2024 அக்டோபரில் பெங்களூரின் பி.இ.எம்.எல். நிறுவனத்துக்கு வழங்கியது. மும்பைத் தடத்தின் 237 கி.மீ. கட்டுமானத்தை 2020இல் பெற்ற எல் அண்ட் டி நிறுவனத்தின் கட்டுமானப் பிரிவுக்குத் தலைமையகம் மணப்பாக்கம். திறமை இங்கேயே இருக்கிறது.

எப்போது ஓடும்?

மும்பைத் திட்டத்துக்கு 2017 செப்டம்பர் 14 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. 2022, 2023 என்று சொல்லப்பட்ட தேதிகள் கடந்துபோய், சூரத்தை ஒட்டிய ஒரு பகுதி 2027 ஆகஸ்டில் திறக்கப்படும் என்பது இப்போதைய அறிவிப்பு. தாமதத்துக்குப் பெரிய காரணம் மகாராஷ்டிரத்தில் நிலம் கிடைக்காமல் போனது. சென்னைத் தடம் இன்னும் அந்தக் கட்டத்துக்கே வரவில்லை. பத்து ஆண்டுகளுக்குக் குறைந்த எந்தத் தேதியையும் நான் நம்ப மாட்டேன்.

பொதுமக்கள் எப்போது, எப்படிக் கருத்துச் சொல்வது?

ரயில் பாதைகளுக்கு 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி தேவையில்லை. எனவே அந்தச் சட்டத்தின் பொதுவிசாரணைக்காகக் காத்திருப்பதில் பொருளில்லை. நிலம் 2013 சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டால், முதல்நிலை அறிவிக்கை வெளியான 60 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் எழுத்து மூலம் ஆட்சேபம் தரலாம். ரயில்வே சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டால் அந்த அவகாசம் 30 நாட்கள்தான். எந்தச் சட்டம் என்பதை அறிவிக்கையின் முதல் பத்தியிலேயே பார்த்துவிட வேண்டும்.

நிலையத்தின் இடம் குறித்த முடிவு இதற்கெல்லாம் முன்பே, விரிவான திட்ட அறிக்கை தயாராகும்போதே எடுக்கப்பட்டுவிடும். ஆகவே நகரவாசிகள் அதற்கு முன்பே தங்கள் சட்டமன்ற உறுப்பினர் வழியாகவும், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு நேரடி மனுவாகவும், சென்ட்ரலா வெளிவட்டச் சாலையா என்ற கேள்வியை எழுப்ப வேண்டும். உத்தேச வழித்தட வரைபடத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இப்போதே கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.